ரிசர்ச் பார்க்குக்குத் திட்ட அனுமதி: எங்கெல்லாம் மாட்டிக்கொண்டோம்

ஒருவழியாக அனுமதி வாங்கிக் கட்டியும் ஆகிவிட்டது. கல்லூரி வளாகத்துக்குள் ஆய்வுப் பூங்கா (கம்பெனிகளுக்கு ஆய்வகமும் ஆபீஸும் வாடகைக்கு விடும் கட்டடம்) கட்ட நினைப்பவர்களுக்காக எழுதி வைக்கிறேன். பட்டா, அ-பதிவேடு, வில்லங்கச் சான்று எல்லாம் எடுக்கத் தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன்.

முதல் அடி விழுந்தது விண்ணப்பதாரர் பெயரில். ஐஐடி மெட்ராஸ் ரிசர்ச் பார்க் மாதிரி, பூங்காவை நடத்தத் தனி செக்‌ஷன் 8 கம்பெனி (லாப நோக்கமில்லாதது). நிலமோ அறக்கட்டளை பெயரில். கம்பெனி லெட்டர்ஹெட்டில் போட்ட விண்ணப்பம், நிலத்தில் என்ன உரிமை என்ற ஒரே கேள்வியோடு திரும்பியது. நோட்டரி போட்ட ஒப்பந்தத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பதிவு செய்த குத்தகைப் பத்திரம் வேண்டும், கூடவே அறங்காவலர் குழுத் தீர்மானம் வேண்டும். பேசாமல் நில உரிமையாளர் பெயரிலேயே போட்டுவிடுங்கள்; ஒரு சுற்று மிச்சம்.

அடுத்தது அளவு. பத்திரத்தில் ஒன்று, பட்டாவில் ஒன்று, சர்வேயர் சங்கிலி பிடித்தால் இன்னொன்று. மூன்றில் எது குறைவோ அதை வைத்துத்தான் எஃப்.எஸ்.ஐ. (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) கணக்கு. ஆர்க்கிடெக்ட் பத்திர அளவை நம்பி வரைந்திருந்தால் அத்தனை தளமும் மறுபடி வரைய வேண்டும். பழைய வளாகங்களில் மதில் சுவர் எஃப்.எம்.பி. (சர்வே துறையின் புல வரைபடம்) கோட்டின் மேல் ஓடுவது அபூர்வம். அதைவிட மோசம், புல்தரையாகவே எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கும் இடத்தில் வாய்க்கால் புறம்போக்கு என்று தனி சர்வே எண் கிடக்கும். அது நடுவே ஓடினால் உங்கள் மனை ஒன்றல்ல, இரண்டு. வரைபடத்துக்குக் காசு கொடுக்கும் முன் எஃப்.எம்.பி.யை வாங்கிப் பாருங்கள்.

உண்மையில் வயிற்றைக் கலக்கியது ஓ.எஸ்.ஆர்., அதாவது பொதுப் பயன்பாட்டுக்கு ஒதுக்க வேண்டிய திறந்தவெளி. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019 படி, மனை 3,000 சதுர மீட்டர் தாண்டினால் 10 சதவீதம் திறந்தவெளி ஒதுக்கவேண்டும். 10,000 வரை, முதல் 3,000 போக மீதிக்கு வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டித் தப்பிக்கலாம். அதற்கு மேல் போனால் பணம் செல்லாது. நிலத்தையே தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுக்க வேண்டும். இப்போது, 40 ஏக்கர் வளாகம் முழுவதையும் மனை என்று காட்டினால் என்ன ஆகும்? நாலு ஏக்கர் போகும். ஆய்வுப் பூங்காவுக்கென்று நாலு ஏக்கரை மட்டும் பிரித்துக் காட்டினால் கொடுப்பது 40 சென்ட்.

பிரிப்பதும் சும்மா இல்லை. பிரித்த துண்டு பொதுச்சாலையைத் தொட வேண்டும். வளாகத்தின் உள்சாலை எவ்வளவு அகலமாக இருந்தாலும் அது பொதுச்சாலை ஆகாது. உயர்மாடிக் கட்டடத்துக்கு எஃப்.எஸ்.ஐ. 3.25 முழுசாக வேண்டுமென்றால் 18 மீட்டர் சாலை வேண்டும். அரசு குத்தகை நிலமாக இருந்தால் தானம் எழுத உங்களுக்கு உரிமையே கிடையாது, அதை முதல் நாளே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். எங்களுக்குக் கிடைத்த ஒரே சின்ன வெற்றி இங்கேதான்: சாலை ஓர மூலையைக் கொடுத்து, மதிலை உள்ளே தள்ளிக் கட்டிக்கொண்டோம். ஊர் மக்கள் அந்தத் திறந்தவெளிக்கு வர கல்லூரி கேட்டைத் தாண்ட வேண்டியதில்லை.

விமான நிலைய ஆணையத்தின் உயரச் சான்று ஆன்லைனில் சுலபம்தான், ஒரு பொறி உண்டு. அவர்கள் தருவது கடல் மட்டத்திலிருந்து உச்சி அளவு. உச்சி 57 மீட்டர், உங்கள் தரை 12 மீட்டர் என்றால் கட்டடத்துக்கு 45தான். அந்த 45க்குள் தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் அறை, இடிதாங்கி எல்லாம் அடங்கணும். சாதாரண ஆபீஸ் கட்டடத்தில் இத்தோடு முடிந்தது. ஆய்வகத்தில் நச்சுப்புகை வெளியேற்றும் குழாய்கள் மொட்டைமாடிக்கு மேல் நீண்டு நிற்கும். அதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் சான்றை மறுபடி வாங்கணும்.

தீயணைப்புத் துறைக்கு, கட்டட உயரம் 18.30 மீட்டர் தாண்டினால் சுற்றிலும் குறைந்தது 7 மீட்டர் காலியிடம். 30 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 6 மீட்டருக்கும் ஒரு மீட்டர் கூடுதல். வண்டி சுற்றிவர வேண்டிய பாதை அது. டிரான்ஸ்ஃபார்மர், ஜெனரேட்டர், கேஸ் சிலிண்டர் கொட்டகை மூன்றையும் எலக்ட்ரிக்கல் ஆள் அங்கேதான் கொண்டுபோய் வைப்பார். முதல் படத்திலேயே அவற்றுக்கு வேறு இடம் குறியுங்கள். கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரை எட்டினால் சுற்றுச்சூழல் அனுமதியும் உண்டு. அதற்கான நாட்களைத் தனியாக ஒதுக்கிவையுங்கள்.

கடைசியாக, பணி நிறைவுச் சான்று. அது இல்லாமல் கரண்ட், தண்ணீர், கழிவுநீர் எந்த இணைப்பும் கிடையாது. கட்டடம் எழும்பும்போதே இடம் பிடித்த ஸ்டார்ட்அப் ஒன்று, படத்தில் கார் பார்க்கிங் என்றிருந்த தரைத்தளத்தில் ஜிப்சம் சுவர் வைத்து ஸ்டோர் ரூம் ஆக்கியிருந்தது. அதிகாரிகள் கட்டடத்தைப் பார்வையிட வருவதற்கு முந்தின நாள் ராத்திரி அதை இடித்து லாரியில் ஏற்றினோம். குத்தகை ஒப்பந்தத்தில் பார்க்கிங் எண்களை வரைபடத்தோடு இணைத்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.