‘கடவுச்சொல் தவறு’ என்று சொல்வது யார்?

2017-ஆம் ஆண்டில் எத்தீரியம் என்னும் மின்பணத்தைப் பழகிப் பார்ப்பதற்காக நான் உருவாக்கிய வாலட் (பணப்பை) கோப்பு ஒன்று பழைய வன்தட்டிலிருந்து அண்மையில் கிடைத்தது. கடவுச்சொல் நன்றாக நினைவிருந்தது; ஆனால் எந்தச் செயலியில் ஏற்றினாலும் ‘கடவுச்சொல் தவறு’ என்ற பதிலே வந்தது. செயலியை நம்புவதா, நினைவை நம்புவதா என்று தெரியாமல், கோப்பைத் திறக்கும் நிரலைப் பைத்தான் மொழியில் நானே எழுதிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

அது ஜேசன் என்னும் வடிவில் அமைந்த வெறும் உரைக்கோப்புதான். எந்த எடிட்டரிலும் திறந்து படிக்கலாம். பணத்தைக் கையாளும் உரிமை தரும் தனிச்சாவி, பூட்டப்பட்ட 32 பைட்டுகளாக உள்ளே இருக்கிறது. அதைச் சுற்றிச் சால்ட் என்னும் தற்செயல் எண், பூட்டுக்கான தொடக்க எண், எந்த முறையில் பூட்டப்பட்டது என்ற விவரம் ஆகிய அனைத்தும் வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கின்றன. மறைவாக இருப்பது கடவுச்சொல் ஒன்றுதான். அந்தச் சொல்லை அப்படியே சாவியாகப் பயன்படுத்தாமல், 2009-இல் காலின் பெர்சிவல் வடிவமைத்த எஸ்-கிரிப்ட் என்னும் வழிமுறையில் செலுத்தி, அதிலிருந்து 32 பைட்டுகளைப் பெறவேண்டும். என் கோப்பில் அதற்கான அளவுகள்: N = 262144, r = 8, p = 1. முதல் இரண்டையும் தம்முள் பெருக்கி, வந்ததை 128-ஆல் பெருக்கினால் 256 மெபிபைட் வருகிறது. ஒவ்வொரு முயற்சிக்கும் அவ்வளவு நினைவகம் தேவை. கடவுச்சொற்களை ஊகித்து வரிசையாகப் போட்டுப் பார்ப்பவனுக்குச் செலவை ஏற்றுவதற்காக வேண்டுமென்றே வைத்த பாரம் அது. ஆனால் முதலில் இடறி விழுந்தவன் நான்தான். பைத்தானோடு வரும் ஹாஷ்லிப் என்னும் நிரலகம் இந்த வேலைக்கு இயல்பாக 32 மெபிபைட் மட்டுமே அனுமதிப்பதால் நினைவக வரம்பு மீறியதாகப் பிழை வந்தது. வரம்பைக் கச்சிதமாக 256 ஆக்கியபோதும் அதே பிழை, ஏனெனில் அதற்கு மேலும் சில கிலோபைட்டுகள் வேலைக்கு வேண்டியிருக்கின்றன. 512 என்று கொடுத்த பிறகே ஓடியது.

கிடைத்த 32 பைட்டுகளில் முதல் பாதி, தனிச்சாவியைப் பூட்டிய ஏஇஎஸ்-128 என்னும் மறையாக்க முறையின் சாவி. இங்கே கவனிக்க வேண்டியது என்னவென்றால், சிடிஆர் முறையில் இயங்கும் அந்தப் பூட்டுக்குச் சரியான சாவி எது, தவறான சாவி எது என்று தெரியாது. எதைக் கொடுத்தாலும் மறுக்காமல் 32 பைட்டுகளைத் திருப்பித் தரும். அவையும் அநேகமாக முறையான ஒரு தனிச்சாவியாகவே அமைந்து, யாருக்கும் சொந்தமில்லாத ஒரு காலிக் கணக்கைக் காட்டும். பணம் திருடுபோய்விட்டது என்று பதறுவதற்கு அதுவே போதும். ஆகவே ‘தவறு’ என்று சொல்வது பூட்டு அன்று, மேக் எனப்படும் சரிபார்ப்பு எண்தான். இரண்டாம் பாதியையும் பூட்டப்பட்ட தரவையும் ஒட்டி, அதற்குக் கெச்சாக்-256 என்னும் முறையில் சுருக்கெண் கண்டு, கோப்பிலுள்ள எண்ணோடு ஒப்பிட வேண்டும். பைத்தானோடு வரும் ஷா3-256, கெச்சாக்கின் தரப்படுத்திய வடிவமே ஆனாலும், இதற்கு உதவாது. 2015-இல் அது தரமாக்கப்பட்டபோது நிரப்பும் முறை மாறியதால் விடையும் மாறுகிறது, எத்தீரியமோ பழையதையே வைத்துக்கொண்டது. இதில் எனக்கு ஒரு மாலை முழுதும் போயிற்று.

அதையும் திருத்தி, கோப்பு முறையின் ஆவணத்தில் உள்ள மாதிரியை ‘டெஸ்ட்பாஸ்வேர்ட்’ என்ற அதன் கடவுச்சொல்லோடு ஓட்டிப் பார்த்தபோது எண் அப்படியே பொருந்தியது. எனவே நிரலில் குறையில்லை; என் கோப்பு மட்டும் மசியவில்லை.

கடவுச்சொல் ‘கொன்றை’ என்ற சொல்லும் நான்கு இலக்கங்களும். எஸ்-கிரிப்டுக்குப் போவது எழுத்தல்ல, பைட்டுகள் என்பது அப்போதுதான் உறைத்தது. இன்றைய விசைப்பலகையில் ‘கொ’ என்பதன் ஒகரக் குறி ஒரே யூனிகோடு குறியீடாகப் பதிவாகிறது. பழைய கணினியில் நான் வைத்திருந்த தட்டச்சு மென்பொருளோ கொம்பைத் தனியாகவும் காலைத் தனியாகவும் போட்டு வந்தது. திரையில் இரண்டுக்கும் இம்மியும் வேறுபாடு தெரியாது, ஆனால் எழுத்தைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையில் ‘கொன்றை’ என்ற சொல் மட்டும் ஒரு வகையில் 18 பைட்டுகள், மற்றொரு வகையில் 21. யூனிகோடு விதிப்படி இரண்டும் சமம் என்றாலும், அவற்றை ஒருமைப்படுத்திய பிறகே பயன்படுத்த வேண்டும் என்ற விதி இந்தப் பழைய கோப்பு முறையில் இல்லை. கொம்பையும் காலையும் பிரித்து எழுதி மீண்டும் ஓட்டினேன். ஏறத்தாழ ஒரு வினாடி கழித்து மேக் பொருந்தியது. தனிச்சாவியிலிருந்து பொதுச்சாவியையும், அதன் கெச்சாக்கின் கடைசி 20 பைட்டுகளிலிருந்து முகவரியையும் கண்டபோது, கோப்பில் எழுதியிருந்த அதே முகவரி வந்து நின்றது.

மகிழ்ச்சியில் தனிச்சாவியை டெர்மினலில் அச்சிட்டுவிட்டேன். திரையில் ஒருமுறை வெளிப்பட்ட சாவியை இனி நம்ப மனம் வரவில்லை. அந்தக் கணக்கில் இருந்த சிறு தொகையை அன்றே புதிய வாலட்டுக்கு மாற்றினேன். அதன் கடவுச்சொல்லில் கொம்பும் இல்லை, காலும் இல்லை.