இடது ஓரத்துப் புள்ளி

எஞ்சின் மேம்பாட்டுப் பிரிவில் சேர்ந்த முதல் ஆண்டில் என்னிடம் ஒப்படைக்கப்பட்ட வேலை, இரண்டு லிட்டர் பெட்ரோல் எஞ்சின் ஒன்றுக்கு ஏற்ற டர்போவைத் தேர்ந்தெடுப்பது. எஞ்சினை விட்டு வெளியேறும் புகை டர்போவின் டர்பைனைச் சுழற்றும்; அதே தண்டில் சுழலும் கம்ப்ரஸர் சக்கரம் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் அனுப்பும். கம்ப்ரஸர் வரைபடங்கள் ஐந்தாறு என் மேசையில் கிடந்தன. குறுக்கே காற்றின் நிறை ஓட்டம், நெடுக்கே அழுத்த விகிதம் (கம்ப்ரஸரை விட்டு வெளியேறும் அழுத்தத்தை உள்ளே வரும் அழுத்தத்தால் வகுத்தது), நடுவே மலைப்பகுதி நிலப்படத்தின் சமஉயரக் கோடுகளைப் போல ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த, எவ்வளவு வீணாக்காமல் காற்றை அழுத்துகிறது என்று காட்டும் திறன் வளையங்கள், அவற்றை வெட்டிச் செல்லும் சுழல்வேகக் கோடுகள். இடது எல்லையில், அதற்கும் குறைந்த ஓட்டத்தில் காற்று நிலைகுலைந்து பின்னோக்கிப் பாயும் என்று காட்டும் சர்ஜ் கோடு; வலது எல்லையில், சக்கரத்தை இன்னும் வேகமாகச் சுழற்றினாலும் காற்று பெரிதாகக் கூடாத சோக் பகுதி. படத்தைப் படிக்க அரை மணி நேரத்தில் கற்றுக்கொண்டேன். அதில் எந்தப் புள்ளிகளைக் குறிக்க வேண்டும் என்று கற்றுக்கொள்வதற்குத்தான் ஓர் எஞ்சினைக் குரைக்க வைக்க வேண்டியிருந்தது.

காற்றோட்டக் கணக்கு கடினமானதன்று. ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் தன் கொள்ளளவுக் காற்றை இழுக்கும். ஆகவே 6000 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு 3000 முறை, அதாவது 6000 லிட்டர். வால்வுகளும் குழாய் வளைவுகளும் இருக்கும்போது சிலிண்டர் முழுதாக நிரம்பாது என்பதால் கனஅளவுத் திறன் 0.9 என்று வைத்துக்கொண்டேன், 5.4 கன மீட்டர் வந்தது. சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டில் அழுத்தம் 200 கிலோ பாஸ்கல், வெப்பநிலை 57 டிகிரி, அதாவது 330 கெல்வின். அழுத்தத்தைப் பாஸ்கலில் எழுதி, காற்றின் வாயு மாறிலியான 287-ஐயும் கெல்வினையும் பெருக்கி வரும் எண்ணால் வகுத்தால், கன மீட்டருக்கு 2.11 கிலோ என்று காற்றின் அடர்த்தி கிடைக்கும். அதன்படி நிமிடத்துக்கு 11.4 கிலோ, நொடிக்கு 0.19 கிலோ.

அழுத்த விகிதத்தில்தான் முதலில் இடறினேன். 200-ஐ வெளிக்காற்றின் 101-ஆல் வகுத்து 1.98 என்று எழுதியிருந்தேன். எங்கள் பிரிவின் மூத்த பொறியாளர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "தம்பி, கம்ப்ரஸருக்கு மேனிஃபோல்டு எங்கே இருக்கிறது என்று தெரியாது, தன் வாயில் என்ன இருக்கிறது, தன் வாலில் என்ன இருக்கிறது, அவ்வளவுதான் அதற்குத் தெரியும்" என்றார். ஏர் ஃபில்டர் 4 கிலோ பாஸ்கலைத் தின்கிறது, அழுத்தப்பட்டுச் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் குழாய்களும் 7-ஐத் தின்கின்றன. ஆகவே விகிதம் 207-ஐ 97-ஆல் வகுத்த 2.13. காகிதத்தில் சிறு வேறுபாடுதான். ஆனால் மலைப்பாதையில் 2000 மீட்டர் உயரத்துக்குப் போனால் வெளி அழுத்தம் ஏறத்தாழ 80 கிலோ பாஸ்கலாகிவிடும். அங்கும் அதே 200-ஐக் கேட்டால் விகிதம் 2.7-ஐத் தாண்டும், சக்கரம் வேகக் கோடுகளின் உச்சிக்கு ஏறிவிடும்.

நிறை ஓட்டத்தையும் அப்படியே கொண்டுபோய்ப் படத்தில் வைக்க முடியாது. வரைபடத்தின் மூலையில் சிறிய எழுத்தில் இருக்கும் குறிப்பு வெப்பநிலைக்கும் குறிப்பு அழுத்தத்துக்கும் ஏற்பத் திருத்த வேண்டும். என் படத்தில் அது 298 கெல்வின், 100 கிலோ பாஸ்கல். கம்ப்ரஸர் வாயில் 308 கெல்வின், 97 கிலோ பாஸ்கல். வாயின் வெப்பநிலையைக் குறிப்பு வெப்பநிலையால் வகுத்து, அதன் வர்க்கமூலத்தால் பெருக்கி, வாயின் அழுத்தத்துக்கும் குறிப்பு அழுத்தத்துக்கும் உள்ள விகிதத்தால் வகுத்தால் 0.19 என்பது 0.20 ஆகிறது. எல்லா உற்பத்தியாளர்களும் ஒரே குறிப்பு நிலையைப் பயன்படுத்துவதில்லை. சிலர் ஓட்டத்தை நிமிடத்துக்குப் பவுண்டு என்றும் தருவார்கள். இதைக் கவனிக்காமல் இரண்டு படங்களை அருகருகே வைத்து ஒப்பிட்டு நான் வீணடித்த ஒரு பிற்பகலைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

0.20, 2.13 என்ற புள்ளி, நான் விரும்பிய கம்ப்ரஸரில் 76 விழுக்காட்டு வளையத்தின் நடுவில் போய் உட்கார்ந்தது. அதற்கு மேல் என்ன வேண்டும் என்றுதான் நினைத்தேன். குறைந்த வேகத்திலேயே டார்க் வேண்டும் என்பதற்காக டர்பைன் பக்கத்தை மட்டும் சிறியதாகத் தேர்ந்தெடுத்தோம். எஞ்சினைச் சோதனை மேடையான டெஸ்ட் பெட்டில் ஏற்றி, 2000 ஆர்பிஎம்மில் முழுச் சுமை கொடுத்தபோது, கண்ணாடிக்கு அப்பாலிருந்து விட்டுவிட்டுக் குரைப்பதைப் போன்ற ஓசை எழுந்தது. திரையில் கம்ப்ரஸர் வாயின் அழுத்தக் கோடு ரம்பத்தின் பற்களைப் போலத் துள்ளியது. ஆபரேட்டர் யாரையும் கேட்காமல் சுமையை இறக்கிவிட்டார்; அதற்காக அவருக்கு இன்றும் நன்றி சொல்வேன், ஏனெனில் ஒவ்வொரு குரைப்பும் டர்போவின் தண்டு முன்பின்னாக நகராமல் தாங்கும் த்ரஸ்ட் பேரிங்கில் விழும் ஓர் அடி.

2000 ஆர்பிஎம்முக்கான கணக்கை அன்று மாலைதான் போட்டேன். அந்த வேகத்தில் கனஅளவுத் திறன் 0.85, நிமிடத்துக்கு 1.7 கன மீட்டர், நொடிக்கு 0.06 கிலோ. ஓட்டம் குறைவு என்பதால் ஃபில்டரும் இன்டர்கூலரும் தின்பது மிகக் குறைவு, விகிதம் 2.0. என் கம்ப்ரஸரின் சர்ஜ் கோடு அந்த விகிதத்தில் 0.08-இல் இருந்தது. கோட்டுக்கு இடப்புறம் என்றால், முன்னால் தேங்கி நிற்கும் அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளும் அளவுக்குக் காற்று ஓடவில்லை. அது பிளேடுகளைப் பற்றி ஓடாமல் பிரிந்து, ஒரு கணம் பின்னோக்கிப் பாய்ந்து, அழுத்தம் தணிந்ததும் மறுபடி முன்னோக்கி வருகிறது. இது மீண்டும் மீண்டும் நிகழ்வதைத்தான் நாங்கள் கேட்டோம். மேலும், வரைபடம் சீரான ஓட்டத்தில் அளந்து வரையப்பட்டது. எஞ்சினோ காற்றை மிடறு மிடறாகக் குடிக்கிறது. ஆகவே கோட்டுக்குச் சற்றே வலப்புறம் இருப்பதும் பாதுகாப்பன்று. பத்து விழுக்காடாவது இடைவெளி விடுவது அன்றிலிருந்து என் வழக்கம்.

அடுத்த அளவுச் சிறிய சக்கரத்தை எடுத்தோம். விகிதம் 2.0-இல் அதன் சர்ஜ் கோடு 0.055, போதாது என்பதால், 2000 ஆர்பிஎம்மில் விகிதத்தை 1.8-க்கு இறக்கினோம். ஓட்டமும் 0.054-க்குக் குறைந்தது, ஆனால் கோடு அதைவிடக் கூடுதலாக, 0.046-க்கு நகர்ந்திருந்தது. இதற்குக் கொடுத்த விலை, உச்சப் புள்ளியின் திறன் 76-லிருந்து 68 விழுக்காடாகச் சரிந்தது. அந்த எட்டு விழுக்காட்டுக்காக நான் வாதாடத் தயாராக இருந்தேன். மூத்தவரோ வெப்பநிலையைக் கணக்கிட்டுப் பார்க்கச் சொன்னார். கம்ப்ரஸரை விட்டு வெளியேறும் காற்று 133 டிகிரியிலிருந்து 144 டிகிரிக்கு ஏறுகிறது, அதாவது 11 டிகிரி. அதில் பெரும்பங்கை இன்டர்கூலர் எடுத்துக்கொள்ள, மேனிஃபோல்டை வந்தடைவது இரண்டு அல்லது மூன்று டிகிரி மட்டுமே.

மறு சோதனையில் 2000 ஆர்பிஎம்மில் கால் மணி நேரம் முழுச் சுமையில் நிறுத்திவைத்தோம். திரையில் அழுத்தக் கோடு தட்டையாகவே ஓடியது. அவர் சற்று நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, 2500-க்கு விகிதம் மறுபடி 2.0-க்கு ஏறுகிறதே, அந்தப் புள்ளி எங்கே?" என்று கேட்டார். நான் அதை இன்னும் குறித்திருக்கவில்லை.