‘ம்’ என்றால் வரமாட்டேன்

ஹாங்காங்கில் டாக்ஸியின் நிறம் பார்த்து ஏற வேண்டும் என்பது போவதற்கு முன்பே தெரியும். சிவப்பு நகரத்துக்கு, பச்சை நியூ டெரிட்டரீஸுக்கு, நீலம் லாந்தாவ் தீவுக்கு. சிவப்புக்குள்ளேயே இன்னொரு பிரிவு இருப்பதுதான் தெரியாது. சட்டப்படி எல்லாச் சிவப்பு டாக்ஸியும் கடலைத் தாண்டி எதிர்க்கரைக்குப் போகலாம். ஆனால் ஹாங்காங் தீவில் ஓட்டிப் பழகியவர்கள் எதிர்க்கரையில் உள்ள கவ்லூன் பக்கம் போக விரும்புவதில்லை. திரும்பும்போது சவாரி கிடைக்காது என்ற கவலை அவர்களுக்கு.

ஹாங்காங் தீவில் உள்ள காஸ்வே பேயில் இரவுச் சாப்பாட்டை முடித்து நானும் அம்மாவும் வெளியே வந்தபோது நல்ல மழை. அம்மாவுக்கு முழங்கால் வலி. மெட்ரோ நிலையத்துக்குள் நடக்க முடியாது. நாங்கள் தங்கியிருந்தது எதிர்க்கரையில், கவ்லூனின் சிம் ஷா சுய்யில். முதலில் நின்ற டாக்ஸிக்காரரிடம் இடத்தைச் சொன்னேன். “ம் க்வோ ஹோய்” என்றார். நம் காதுக்கு ‘ம்’ என்றால் சம்மதம் அல்லவா? அம்மாவைக் கைத்தாங்கலாகக் கதவருகே கொண்டுபோய் நிறுத்தினேன். கதவு திறக்கவில்லை. அங்கே பெரும்பாலான டாக்ஸிகளில் பின்கதவை ஓட்டுநரே தம் இருக்கையிலிருந்து திறந்துவிடுவார். வண்டி நகர்ந்துவிட்டது. அடுத்த வண்டியிலும் அதே ‘ம்’.

பார்த்துக்கொண்டிருந்த பழக்கடைப் பெண்மணி எங்களைக் கூரைக்குள் அழைத்து, கொஞ்சம் ஆங்கிலத்தில் விளக்கினார். அங்கே பேசும் கான்டனீஸ் மொழியில் ‘ம்’ என்றால் மறுப்பு. ‘க்வோ’ கடப்பது, ‘ஹோய்’ கடல். கேட்க வேண்டியது: “க்வோ ம் க்வோ ஹோய்?” கடப்பீர்களா, மாட்டீர்களா என்று நாம் கேட்பதைப் போலத்தான். ‘ஹோய்’ மட்டும் கீழிருந்து மேலே ஏற வேண்டும். நான்கு முறை சொல்லச் சொல்லித் திருத்தினார். பிறகு உள்ளங்கையைக் கவிழ்த்து, அலை போல ஏற்றி இறக்கிக் காட்டினார். கடல் தாண்ட வேண்டும் என்பதற்கு அதுதான் சைகை. தெருவோரம் இரட்டை மஞ்சள் கோடு போட்ட இடத்தில் நிற்காதீர்கள், அங்கே வண்டியை நிறுத்த மாட்டார்கள் என்றும் சொன்னார்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். 2023 ஆகஸ்ட் முதல் இரு கரைகளையும் இணைக்கும் மூன்று கடலடிச் சுரங்கச் சாலைகளிலும் டாக்ஸிக்குச் சுங்கக் கட்டணம் 25 ஹாங்காங் டாலர். தெருவில் கைகாட்டி ஏறினால் வண்டி திரும்பி வருவதற்கும் இன்னொரு 25 தர வேண்டும். கடல் கடக்கும் டாக்ஸிகளுக்கென்று உள்ள நிறுத்தத்தில் ஏறினால் ஒரு 25 போதும். மழை இல்லாதிருந்தால் அந்த நிறுத்தத்தைத் தேடிப் போயிருப்பேன்.

கோடு இல்லாத இடமாகப் பார்த்து நின்று கையை அலையாக அசைத்தேன். இரண்டு வண்டிகள் நிற்காமல் போயின. மூன்றாவது ஓரம் கட்டியது. “க்வோ ம் க்வோ ஹோய்?” என்றேன். “க்வோ!” என்றார் ஓட்டுநர். முன்னால் ‘ம்’ இல்லை. கதவு தானே திறந்தது.

இறங்கும்போது, கடைக்காரப் பெண்மணியிடம் கேட்டு வைத்திருந்த நன்றிச் சொல்லை அம்மாவே சொன்னார்: “ம்கோய்.” ஓட்டுநர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். “ம் ஸாய், ம் ஸாய்” என்றார். நன்றியெல்லாம் வேண்டாம் என்று பொருள்.