உதிர்ந்த திருநீறு

விடைத்தாளில் ‘மதச்சார்பற்ற’ என்று எழுதும்போது நெற்றியிலிருந்து கொஞ்சம் திருநீறு அந்த வரி மேலேயே உதிர்ந்தது.

ஊதினேன். ஈர மையில் ஒட்டியது மட்டும் போகவில்லை.

கேள்வி, அரசமைப்பின் முகப்புரை. 1976-ல் 42-வது திருத்தம்தான் அந்தச் சொல்லைச் சேர்த்தது, மதச் சுதந்திரமோ முன்பே 25-வது பிரிவில் இருந்தது. சரி, எழுதிவிட்டேன்.

காலையில் ஹால் டிக்கெட்டைச் சாமி படத்தின் முன் வைத்துத்தான் அம்மா கொடுத்தாள். “படிச்சிருந்தா எழுதுவான், விடும்மா” என்றார் கறுப்புச் சட்டைத் தாத்தா. அவரே என் பேனாவை வாங்கி, இரண்டு தடவை கிறுக்கிப் பார்த்துத் தந்தார்.

சாமி உண்டா? இன்னும் தெரியவில்லை. ஓட்டுக்கு 18 வயது போதும் (1989-க்கு முன்பு 21). இதற்கு மட்டும் யாரும் வயது சொல்லவில்லை.

பேருந்து வந்துவிட்டது. நெற்றியை இன்னும் துடைக்கவில்லை.