பெயரை மிதிக்காமல் நடப்பது எப்படி

பெர்லின் குளிரைப் பற்றி எல்லோரும் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். வாசலில் கிடக்கிற பெயர்களைப் பற்றி ஒருவரும் சொல்வதில்லை. வாடகை வீட்டுக்கு முன்னால், நடைபாதைக் கற்களுக்கு நடுவே, உள்ளங்கை அளவில் ஒரு பித்தளைத் தகடு. குனிந்து பார்த்தால் யாரோ ஒருவருடைய பெயர். எங்கள் சப்பாத்து அதன் மேலே நிற்கிறது.

கொப்பியில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றுகிற ஈழத்துச் சனம் நாங்கள். கூசத்தானே செய்யும்? ஆனால் நடுவீதியில் குனிந்து நிலத்தைத் தொட்டுக் கும்பிட்டால், பின்னால் வருகிறவர் எதைத் தவறவிட்டீர்கள் என்று தானும் சேர்ந்து தேடத் தொடங்குவார்.

ஷ்டொல்பர்ஷ்டைன் என்கிறார்கள், இடறுகல்; ஹிட்லரின் நாசிகளுக்குப் பலியானவர்களுக்கான நினைவுக்கல். உண்மையில் கால் இடறாது, நிலமட்டத்துக்குத்தான் பதிப்பார்கள். பத்து சென்டிமீட்டர் கொங்கிரீட் கட்டி, அதன் தலையில் மெல்லிய பித்தளை. எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கையால் அடித்துப் பதிக்கிறார்கள். ‘இங்கே வாழ்ந்தார்’ என்று தொடங்கி, பெயர், பிறந்த ஆண்டு, கொண்டுசெல்லப்பட்ட ஆண்டு, கொல்லப்பட்ட இடம். அவ்வளவுதான். யூதர்களுக்கு மட்டுமல்ல, சிந்தி, ரோமா என்ற ஐரோப்பியச் சிறுபான்மை இனத்தவருக்கும், நாசிகள் கொன்ற மாற்றுத்திறனாளிகளுக்கும், அரசியல் எதிரிகளுக்கும் உண்டு. குன்டர் டெம்னிக் என்ற கலைஞர் முதல் கல்லை 1992 டிசம்பரில் கொலோன் நகரசபைக்கு முன்னால் வைத்தார். 1996இல் பெர்லின் குறொய்ட்ஸ்பேர்க்கில் அனுமதி கேளாமலே பதித்தார். 2023இல் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது.

எங்களுக்குக் கூசுகிற அதே விஷயத்துக்காக ஒரு நகரமே மல்லுக்கட்டியது தெரியவந்தபோது ஒரு ஆறுதல். மியூனிக்கில் பொது நிலத்தில் இந்தக் கற்களுக்கு இடமில்லை. அங்குள்ள யூத சமூகத்தின் தலைவி ஷார்லொட்டெ க்னோப்லோக், சிறுமியாக ஒளித்துவைக்கப்பட்டு உயிர் தப்பியவர். அன்று சப்பாத்துக் காலால் மிதிபட்டவர்களை இன்றும் காலடியில் போடுவதா என்பது அவருடைய வாதம். 2004இலும் 2015இலும் நகரசபை மறுத்தது. 2018 முதல் அங்கே சுவர்த் தகடும் கம்பமும்தான், கண் மட்டத்தில். மறுபக்கத்தார், வாசிக்க வேண்டுமானால் குனிந்தே ஆகவேண்டும், அந்தக் குனிவே வணக்கம் என்கிறார்கள். கொல்லப்பட்டவர்களின் பிள்ளைகளே இரண்டு பக்கமும் நின்று வாதாடினார்கள். நாங்கள் க்னோப்லோக் பக்கம்தான் சாய்வோம். நடுகல்லைக்கூட நிமிர்த்தித்தானே நட்டோம்.

இரண்டு குளிர்காலம் போனால் பழகிவிடும். கால் தானாகவே அரை அடி விலகி வைக்கும். அவுஷ்விட்ஸ் வதைமுகாம் விடுபட்ட ஜனவரி 27ஐயும், 1938இல் யூதர்கள் மேல் வன்முறை பாய்ந்த நவம்பர் 9ஐயும் ஒட்டி அயலவர்கள் வாளியும் துணியுமாகத் தகடு துலக்க வருவார்கள், போய்ச் சேர்ந்துகொள்ளலாம். பித்தளை என்றதும் எங்கள் கை பழப்புளியைத் தேடும். வேண்டாம். குத்துவிளக்குக்குச் சரி, இங்கே புளி ஓரத்துச் சீமெந்தை அரிக்கும். கூட நேரம் வைத்தால் தகடு செம்பு நிறமாகச் சிவக்கும். இரும்புத் தும்பும் கூடாது, கீறிவிடும். உலோகம் துலக்கும் பசையைத் துணியில் கொஞ்சமாக எடுத்துத் தேய்த்து, கறுப்பு வந்ததும் சுத்தத் துணியால் துடைத்துவிடுங்கள். பள்ளத்தில் தங்கும் பசையைப் பழைய பல்துலக்கியால் எடுக்கலாம், இல்லாவிட்டால் வெள்ளையாகக் காய்ந்து எழுத்தை மறைக்கும். துலக்கும்போது மட்டும் வெள்ளிக்கிழமை விளக்கு மினுக்குகிற வாசனை எங்கிருந்தோ வரும். அம்மம்மா சாம்பலைத் தொட்டுத்தான் முடிப்பா.

கல் வைக்க விரும்புகிறவர்களுக்கு மிகவும் சிக்கலான வேலை முகவரி பிடிப்பது. கடைசி முகவரி உதவாது. அது பெரும்பாலும் யூதர்களைப் பலவந்தமாக அடைத்துவைத்த வீடு. தானே விரும்பிக் குடியிருந்த கடைசி வீடுதான் வேண்டும். 1939 மே குடிசன மதிப்பீட்டில் தேடலாம், நாடுகடத்தல் பட்டியலோடு ஒப்பிடலாம். பட்டியலில் பெயருக்கு நடுவே ‘இஸ்றேல்’, ‘சாறா’ என்று வந்தால் கவனம்: அந்த ஆண்டு ஜனவரி முதல் அரசு ஒட்டிய பெயர்களாக இருக்கும், பெற்றோர் வைத்தவை அல்ல. கல்லில் ஏற்றக்கூடாது. பிறகு வீடு குண்டில் போயிருக்கும், தெருவின் பெயர் மாறியிருக்கும், இலக்கம் மாறியிருக்கும். உறவினர்களையும் தேடிப்பிடித்துக் கேட்கவேண்டும். ஒரு கல்லுக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு.

பட்டியல், வீட்டு இலக்கம் என்று கதை போகும்போது எங்கள் ஆட்களின் மனம் பெர்லினில் நிற்காது. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தாக்க வந்தவர்கள் கையிலும் வாக்காளர் இடாப்பு இருந்தது. வெள்ளவத்தையில் எரிந்த வீடுகள் நின்ற இடங்களில் இப்போது மாடிக் குடியிருப்புகள். எந்த வாசல் யாருடையது? யாழ்ப்பாணத்துக் கோப்பாயில், புலிகளின் மயானமான துயிலும் இல்லத்தில் பெயர் எழுதிய கல்லறைகள் இருந்தன, இடித்து இராணுவத் தலைமையகம் கட்டினார்கள். யாழ் பல்கலைக்கழகத்தின் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை 2021 ஜனவரியில் ஓர் இரவில் இடித்தார்கள், சில மாதங்களில் மீண்டும் எழுந்தது. இவற்றை நாங்கள் தயங்காமல் சொல்வோம். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவை விட்டுச் சில மணி நேரத்தில் வெளியேறச் சொல்லப்பட்ட முஸ்லிம்களுக்கு ‘இங்கே வாழ்ந்தார்’ என்று யார் எழுதுவது என்றால் குரல் தாழ்ந்துவிடும். அனுப்பியது வேறு யாருமல்ல, புலிகள்.

அந்தத் தெருவின் பழைய வீட்டு இலக்கங்களை, வெளியேறியவர்கள் உயிரோடு இருக்கும்போதே, கேட்டு எழுதிவைக்கலாம். அதற்கு நகரசபை அனுமதி தேவையில்லை.