கண்டிகோட்டா: வடபெண்ணை வெட்டிய பாறையும் 1,200 ரூபாய் ஆட்டோவும்

ஆந்திராவின் கடப்பா மாவட்டத்தில் உள்ள ஜம்மலமடுகுவில் இருந்து, கோட்டையும் ஆறு வெட்டிய பள்ளத்தாக்கும் இருக்கும் கண்டிகோட்டா பதினைந்து கிலோமீட்டர் சுமாருக்குத்தான். போக வர 600 ரூபாய் என்று பேசித்தான் ஆட்டோவில் ஏறினோம். கோட்டை வாசலில் இறங்கியதும் வெயிட்டிங் தனி, மொத்தம் 1,200 என்கிறார் ஆட்டோக்காரர். திரும்பிப் போக வேறு வண்டி கிடையாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். வாக்குவாதத்துக்குப் பிறகு 900-க்கு இறங்கினார். அன்றைய சாப்பாட்டுக் காசில் பாதி அதிலேயே போய்விட்டது. போகிறவர்கள் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து முதலிலேயே பேசிவிடுங்கள்.

சரி, பாறைக்கு வருகிறேன், போனதே அதற்காகத்தான். மாதவராயர் கோயில், மசூதி, தானியக் கிடங்கு எல்லாம் தாண்டி விளிம்புக்குப் போனால் கீழே கிட்டத்தட்ட 300 அடி ஆழத்தில் வடபெண்ணை. நம் தென்பெண்ணை பிறக்கும் அதே நந்தி மலைப் பக்கம்தான் இதுவும் பிறக்கிறது. இரண்டு பக்கச் சுவரும் செங்குத்து, சதுரம் சதுரமாக உடைந்த சிவப்புப் பாறை, செங்கல் அடுக்கியதுபோல. படிந்த படிவுகள் கிடைமட்டக் கோடுகளாகத் தெரிகின்றன, செங்குத்தாக விரிசல்கள். வெள்ளம் அடிப்பாகத்தை அரிக்கும்போது அந்த விரிசல் வழியாக மேலே உள்ள பாளம் அப்படியே பெயர்ந்து விழும். சுவர் சரிவாக இல்லாமல் நேராக நிற்பது அதனால்தான்.

பாறையின் பெயர் குவார்ட்சைட். ஆழமில்லாத கடலின் மணல் இறுகி மணற்கல்லாகி, இன்னும் இறுகி மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போனது. இந்தப் பாறையில் அலை போட்ட வரிகள்கூட அப்படியே பதிந்திருக்கும், சிப்பி மட்டும் தேடாதீர்கள். இதற்கு வயது நூறு கோடி ஆண்டுக்கு மேல், சிப்பிப் பூச்சியெல்லாம் அப்போது உலகத்திலேயே இல்லை.

இந்தக் கோட்டை நிற்கும் எர்ரமலை மலைத்தொடரைச் சுற்றிப் போகாமல் ஆறு ஏன் குறுக்கே வெட்டியது? மலை இப்படி எழும்பி நிற்பதற்கு முன்பே ஆறு அந்த வழியில் ஓடியிருக்க வேண்டும், அல்லது மேலே மூடியிருந்த மென்மையான படிவில் ஓடி, அது கரைந்த பிறகும் தடத்தை விடாமல் கடினப் பாறையை அறுத்திருக்க வேண்டும். வெறும் தண்ணீர் இதை அறுக்காது, வெள்ளம் இழுத்துவரும் மணலும் கல்லும்தான் அரம். இப்போது அணைகள் தண்ணீரைத் தேக்கி வைத்திருப்பதால் ஆறு ஏதோ குளம்போலச் சாதுவாகத் தெரிகிறது.

‘இந்தியாவின் கிராண்ட் கேன்யன்’ என்று சொல்வதை தயவுசெய்து நிறுத்த வேண்டும். அமெரிக்காவில் எல்லோரும் படம் எடுக்கும் அந்தக் கிடைமட்ட அடுக்குகளுக்கு வயது 53 கோடிக்குள்தான். இது அதைவிட எவ்வளவோ மூத்தது! ஆனால் பாறையைப் பற்றி ஒரு பலகைகூட என் கண்ணில் படவில்லை, ராஜாக்கள் கதை மட்டும்தான்.

சாப்பாடு ஜம்மலமடுகுவில் ராகி சங்கட்டியும் நாட்டுக்கோழிப் புலுசும். காரம் கண்ணில் நீர் வரவைத்தது, இரண்டாவது உருண்டையும் கேட்டு வாங்கினேன். அந்த விலைக்கு அப்படி ஒரு சாப்பாடு சென்னையில் கிடைக்காது.

அப்புறம், திருப்பதி வழியாகத் திரும்பினால் திருமலை மலைப்பாதையைக் கவனியுங்கள். அடியில் கிரானைட், அதன்மேல் நேராக கடப்பா படுகையின் குவார்ட்சைட், கண்டிகோட்டா பாறையும் படிந்த அதே பழைய கடல் பள்ளம்தான் அந்தப் படுகை. இரண்டுக்கும் நடுவே பல கோடி ஆண்டுகளின் பாறைப் பதிவே காணாமல் போயிருக்கிறது, தேசியப் புவியியல் நினைவுச் சின்னம் அது. பஸ் அங்கே நிற்காது, சன்னல் ஓரத்தில் இடம் பிடியுங்கள்.