ஏர்பேக் எப்போது விரியும், எப்போது விரியாது, ஏன்?

முன்பக்கம் அப்பளமாக நொறுங்கிய காரின் படத்தைப் பார்த்ததும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "ஏர்பேக் ஏன் விரியலை?" இவ்வளவு நசுங்கியும் விரியவில்லையென்றால் ஏர்பேக்கே போலி என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அபூர்வமாக அப்படியும் இருக்கலாம். ஆனால் எவ்வளவு தகடு நசுங்கியது என்று ஏர்பேக்குக்குத் தெரியாது. கார் எவ்வளவு சடுதியில் வேகம் இழக்கிறது என்பதை மட்டுமே அது பார்க்கிறது. லாரியின் பின்பக்கத்துக்கு அடியில் புகுந்த காரில் பானட்டும் கண்ணாடியும் பறந்திருக்கும். ஆனால் வேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்திருந்தால் சென்சாருக்கு அது பலத்த பிரேக் மாதிரிதான் தோன்றும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் அசையாத சுவரில் மோதும் கார் ஏறத்தாழ 100 மில்லி விநாடியில் நின்றுவிடும். உள்ளே இருப்பவரின் உடல் பழைய வேகத்திலேயே போய்க்கொண்டிருக்கும். அதாவது ஸ்டீயரிங்கை நோக்கி நகரும். ஏர்பேக் வடிவமைப்பாளர்களிடம் பழைய கைக்கணக்கு ஒன்று உண்டு: 5 அங்குலம், 30 மில்லி விநாடி. உடல் 5 அங்குலம் நகர்வதற்குள் பை முழுதாக விரிந்திருக்க வேண்டும், விரிய 30 மில்லி விநாடி பிடிக்கும் என்று அதற்கு அர்த்தம். வேகம் சீராகக் குறைவதாக வைத்துக்கொண்டால், நம் மோதலில் பெல்ட் போடாத உடல் 5 அங்குலம், அதாவது ஏறத்தாழ 12.5 செ.மீ. நகர 42 மில்லி விநாடி ஆகும். அதில் விரிவதற்கான 30 போனால் மிச்சம் 12. நடப்பது நிஜ மோதலா, பள்ளத்தில் சக்கரம் விழுந்த அதிர்ச்சியா என்று முடிவெடுக்க மொத்த அவகாசமே அவ்வளவுதான். கண் இமைக்கவே 100 மில்லி விநாடிக்கு மேல் வேண்டும். நிஜ விபத்தில் எண்கள் மாறும், நெருக்கடி மாறாது. ஏர்பேக்கில் இருக்கிற ஒவ்வொரு பாகமும் இந்த நெருக்கடிக்காகத்தான் அப்படி இருக்கிறது.

மூளையாக வேலை செய்வது ஏர்பேக் ஈசியூ என்னும் எலெக்ட்ரானிக் கட்டுப்பாட்டுப் பெட்டி. பெரும்பாலும் கியர் லீவருக்கு அடியில், தரையின் நடுமேட்டில் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். மேலே ஓர் அம்புக்குறி, அது காரின் முன்பக்கத்தைப் பார்க்க வேண்டும். உள்ளே இருக்கிற முடுக்கச் சென்சார் மணல்பருக்கை அளவில் சிலிக்கானில் செதுக்கிய இரண்டு சீப்புகள். ஒன்று அசையாது, மற்றொன்று அதிர்ச்சியில் நகரும். பற்களுக்கு இடையேயான மின்தேக்கம் மாறும், அந்த மாற்றத்தை அளந்துதான் அதிர்ச்சி அறியப்படுகிறது. 1960களில் அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் ஆலன் பிரீட் உருவாக்கிய சென்சாரில் ஒரு உலோகக் குண்டு குழாய்க்குள் இருந்தது. மோதலில் அது ஓடிப்போய் மின்தொடர்பை இணைக்கும். கருவி மாறினாலும் கேள்வி அதே கேள்விதான். ஈசியூ ஒரு சென்சாரின் பேச்சை மட்டும் நம்பாது. இன்னொன்றும் ஒத்துக்கொண்டால்தான் பையை விரிக்கும் மருந்தைக் கொளுத்தும்.

முன்மோதலைச் சீக்கிரம் அறிய ரேடியேட்டர் சட்டத்துக்குப் பக்கத்தில் ஒன்றோ இரண்டோ சென்சார்கள் இருக்கும். பக்கவாட்டு மோதலில் கதவுக்கும் உடலுக்கும் நடுவே நசுங்க இடமே கிடையாது என்பதால் அங்கே அவகாசம் இன்னும் குறைவு. சில மில்லி விநாடிக்குள் முடிவு வேண்டும். அதனால் பல கார்களில் கதவுக்குள் காற்றழுத்தச் சென்சார் வைக்கிறார்கள். கதவுத் தகடு உள்ளே அமுங்கியதும் கதவுக்குள் அடைபட்ட காற்றின் அழுத்தம் ஏறும்; கார் மொத்தமாக அசைவதற்கு முன்பே தகவல் போய்விடும். ஒலிபெருக்கி மாற்றுகிறேன் என்று கதவின் உள்மூடியில் பெரிய ஓட்டை போட்டு, அடைக்காமல் விட்டால் இந்தச் சென்சார் ஏமாறும். ஸ்பீக்கர் மாட்டுகிறவர்களில் பலருக்கு இது தெரியாது.

பேட்டரி பெரும்பாலும் பானட்டுக்குள், மோதல் நடக்கிற இடத்திலேயே இருக்கிறது. முதல் அடியிலேயே வயர் அறுந்துபோகலாம். அதனால் ஈசியூ 12 வோல்ட்டை 20க்கு மேல் உயர்த்திப் பெரிய கெப்பாசிட்டரில் சேமித்து வைத்துக்கொள்ளும். பேட்டரியைக் கழற்றியதும் ஏர்பேக்கில் கை வைக்கக் கூடாது என்பது இதனால்தான்.

ஈசியூவிலிருந்து இரண்டு வயர் போய்ச் சேரும் இடம் ஸ்குயிப் என்னும் சின்ன மின்கொளுத்தி. மெல்லிய கம்பி, அதைச் சுற்றித் துளி வெடிமருந்து. மின்தடை ஏறத்தாழ 2 ஓம். இன்றைய ஸ்குயிப்புகளில் பொதுவான அளவு இது: 1.2 ஆம்பியர் 2 மில்லி விநாடி பாய்ந்தால் பற்றிக்கொள்ளும், 0.4 ஆம்பியருக்குள் இருந்தால் பற்றாது. வண்டி ஓடும் நேரமெல்லாம் ஈசியூ அதைவிடப் பல மடங்கு சிறிய மின்னோட்டத்தை விட்டுத் தடையை அளந்துகொண்டே இருக்கும். சில ஓம் கூடினாலே டாஷ்போர்டில் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கும். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து ஏர்பேக்கைச் சோதிக்காதே என்று கையேடு கத்துவதும் இந்தச் சின்ன எண்களால்தான். மீட்டர் விடுகிற மின்னோட்டம் எவ்வளவு என்று பிடித்திருப்பவருக்கே தெரியாது.

கொளுத்தி பற்றினால் அடுத்தது இன்ஃப்ளேட்டர், பையை நிரப்பும் வாயுவைத் தரும் பாகம். பழைய கார்களில் சோடியம் அசைடு வில்லைகள் இருந்தன. 65 கிராம் சிதைந்தால் அறை வெப்பநிலையில் 36 லிட்டர் நைட்ரஜன் கிடைக்கும். பொருள் கொடிய விஷம். கூடவே வரும் சோடியம் உலோகத்தை அடக்கத் தனி வேதிப்பொருள்கள் வேண்டும். அதனால் ஓட்டுநர் பக்கத்தில் இப்போது பெரும்பாலும் குவானிடின் நைட்ரேட் வகை. பக்கக் கண்ணாடிகளை மறைத்துத் தொங்கும் திரை ஏர்பேக்குகளில் ஆர்கான், ஹீலியம் போன்ற வாயுவைச் சிலிண்டரில் அழுத்தி வைப்பதும் உண்டு.

இந்த மருந்துத் தேர்வில் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஏர்பேக் தயாரித்த ஜப்பானின் டகாட்டா நிறுவனம் உதாரணம். அது பயன்படுத்திய அம்மோனியம் நைட்ரேட், ஈரமும் ஏறி இறங்கும் வெப்பமும் பல ஆண்டுகள் பட்டால் உடைந்து துகளாகும். துகளானால் எரியும் பரப்பு கூடும், பரப்பு கூடினால் எரியும் வேகம் கூடும். எஃகுக் கூடே வெடித்து, காப்பாற்ற வேண்டிய பைக்குள்ளிருந்து உலோகச் சில்லுகள் பாயும். கோடிக்கணக்கான கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. 2017இல் நிறுவனம் திவாலானது. பழைய கார் வைத்திருப்பவர்கள் சேசிஸ் எண்ணை அந்தந்தக் கம்பெனியின் ரீகால் பக்கத்தில் போட்டுப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை.

பை நைலான் துணி. ஓட்டுநருக்கு 35 முதல் 70 லிட்டர். பயணிக்கு டாஷ்போர்டு தூரம் என்பதால் 100 லிட்டருக்கு மேல். பின்பக்கத்தில் இரண்டு ஓட்டைகள் இருக்கும், அவைதான் உயிர்நாடி. உடல் பையில் அமுங்கும்போது வாயு அவற்றின் வழியே வெளியேறினால்தான் உடலின் வேகம் மெல்ல அடங்கும். இல்லையென்றால் பந்தில் மோதியதுபோல் தலை திரும்பத் தெறிக்கும். திரை ஏர்பேக் மட்டும் விதிவிலக்கு. கார் உருண்டால் பல விநாடி வரை தலை அடிபடலாம் என்பதால் காற்று இறங்காதபடி செய்திருப்பார்கள்.

சீட் பெல்ட் இல்லாமல் இந்த ஏற்பாடு எதுவும் சரியாக வேலை செய்யாது. மோதலை உணர்ந்ததும் ப்ரீடென்ஷனர் என்னும் வெடிமருந்துப் பொறி பெல்ட்டின் தளர்வைச் சுருட்டி இழுத்து உடலை இருக்கையோடு பிடிக்கும். பிறகு பலம் எல்லை மீறினால் லோடு லிமிட்டர் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். அந்த விட்டுக்கொடுத்தலில்தான் உடல் வந்து பையில் சாயும். பெல்ட் போடாதவர் பிரேக் பிடித்த நொடியிலேயே முன்னால் சரிந்திருப்பார். பை வெளியே வரும்போது முகம் அதன் வாசலில் இருக்கும். பை மணிக்கு 300 கி.மீ. வரையான வேகத்தில் பாயக்கூடியது. முதல் 5 முதல் 8 செ.மீ. தூரம்தான் மிக ஆபத்தானது. ஆகவே மார்பெலும்புக்கும் ஸ்டீயரிங் நடுவுக்கும் குறைந்தது 25 செ.மீ. விடுங்கள். பெல்ட் போட்டவருக்குப் பல கார்களில் ஏர்பேக் கூடுதல் வேகத்தில்தான் விரியும். அமெரிக்காவில், சுவரில் மோதுவதற்கு இணையாகப் பார்த்தால், பெல்ட் போடாதவருக்கு மணிக்கு 16 முதல் 19 கி.மீ., போட்டவருக்கு மணிக்கு 26 கி.மீ. அளவு. லேசான மோதலில் பெல்ட்டே போதும் என்பதால் அப்படி.

பின்பக்கம் மோதப்பட்டால் முன் ஏர்பேக் விரியாது, விரிந்தும் பயனில்லை. கண்ணாடி மட்டும் உரசிப்போன மோதல், ஓரமாகக் கம்பத்தில் இடித்தது, இவற்றிலும் விரியாமல் இருப்பது இயல்பு. முன்னால் கனமான இரும்புக் கிராஷ் கார்டு மாட்டியிருந்தால் பம்பர் நசுங்கும் விதமே மாறிவிடுகிறது. எந்தக் காருக்குச் சோதித்துச் சென்சாரை ட்யூன் செய்தார்களோ, அது இப்போது அந்தக் கார் இல்லை.

வெளியிலிருந்து நாம் சேர்க்கும் மற்ற இடைஞ்சல்களும் இதே ரகம்தான். இருக்கையின் ஓரத் தையலில் பக்க ஏர்பேக் இருக்கும். அதை மூடித் தைத்த சீட் கவர் பை வெளிவரும் நேரத்தைத் திருடும். டாஷ்போர்டில் ஒட்டிய சிலை, வாசனைப் புட்டி எல்லாம் எறிபொருள். டாஷ்போர்டில் கால் நீட்டி உட்காருபவருக்கு முழங்கால் முகத்தில் வந்து இடிக்கும், இடுப்பு எலும்பு முறியும். பின்நோக்கி வைக்கும் குழந்தை இருக்கையை, இயங்கும் ஏர்பேக்குக்கு முன்னால் ஒருபோதும் வைக்காதீர்கள்.

சரி, ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு எரிகிறது. எங்கே தேடுவது? பை கெட்டுப்போவது அபூர்வம். பெரும்பாலும் வயரும் கனெக்டரும்தான். முதல் சந்தேகம் முன்சீட்டுக்கு அடியிலுள்ள மஞ்சள் கனெக்டர். சீட்டை முன்னும் பின்னும் தள்ளும்போதும், அடியில் தண்ணீர் பாட்டில் உருளும்போதும் அது தளர்கிறது. இரண்டாவது கிளாக் ஸ்பிரிங். ஸ்டீயரிங் சுழன்றாலும் அறுபடாமல் மின்சாரம் கொண்டுபோகும் சுருள் பட்டை வயர் அது. ஹாரனும் ஸ்டீயரிங் பட்டன்களும் சேர்ந்து மக்கர் செய்தால் அநேகமாக இதுதான். ஸ்டீயரிங் ரேக் வேலை பார்த்துவிட்டு, இதை நடுவில் நிறுத்தாமல் மாட்டினால் அடுத்த முழுத் திருப்பத்தில் பட்டை அறுந்துவிடும். மூன்றாவது, வெள்ளத்தில் நின்ற கார். ஈசியூ தரையோடு இருப்பதால் கார்ப்பெட் காய்ந்தபிறகும் பின்களில் பச்சைத் துரு வளரும். வலுவிழந்த பேட்டரியும் சில கார்களில் ஈசியூவில் கோளாறுக் குறியீட்டைப் பதியவைத்துவிடும். பேட்டரியைச் சரிசெய்து அந்தக் குறியீட்டை அழித்தால் போதும். எதுவானாலும் முதலில் ஏர்பேக் பகுதியைப் படிக்கிற ஸ்கேனர் வேண்டும். மலிவான எஞ்சின் ஸ்கேனர் இதைப் பார்க்காது.

கழற்ற வேண்டி வந்தால் முறை இது. முன்சக்கரங்களை நேராக வைத்து இக்னிஷனை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி ஒதுக்கிக் கட்டுங்கள். குறைந்தது 3 நிமிடம், கையேடு கூடுதலாகச் சொன்னால் அவ்வளவு நேரம் காத்திருங்கள். கனெக்டரின் பூட்டை முதலில் விடுவித்தபிறகுதான் இழுக்க வேண்டும். கழன்றதும் உள்ளிருக்கும் சின்னத் தகடு ஸ்குயிப்பின் இரண்டு பின்களையும் ஒன்றோடொன்று இணைத்துவிடும். நிலைமின்சாரம் கொளுத்தாமல் இருக்க அந்த ஏற்பாடு. எடுத்த பையை மூடிப்பக்கம் உடலுக்கு எதிர்த்திசையில் இருக்கும்படி தூக்கி, மூடி மேலே பார்க்க வையுங்கள். கவிழ்த்து வைத்தால், தவறி விரியும்போது கனமான உலோகப்பகுதி ராக்கெட்போல் எழும்பும். கோளாறு பையிலா வயரிலா என்று அறிய, பை இருந்த இடத்தில் 2 ஓம் ரெசிஸ்டரைச் செருகிப் பார்ப்பது முறையான சோதனைதான். கோளாறுக் குறியீடு போனால் பை பக்கம், போகாவிட்டால் வயர் பக்கம் என்று தெரிந்துவிடும். மறுபடி மாட்டும்போது எல்லாக் கனெக்டரும் சேர்ந்தபிறகே, உள்ளே ஆள் இல்லாமல் இக்னிஷன்.

விரிந்தபிறகு காருக்குள் புகைபோல் பரவுவது பொடியும் எச்சமும். தீப்பற்றியதாகப் பயந்து பதற வேண்டாம். ஆனால் கண், மூச்சு எரியும், ஆஸ்துமா உள்ளவர் சீக்கிரம் வெளியே வர வேண்டும். பிறகு கையும் முகமும் கழுவுங்கள். பழுதுபார்ப்பில் பை, ப்ரீடென்ஷனர் இழுத்த பெல்ட், ஈசியூ, கிளாக் ஸ்பிரிங், முன் சென்சார், மூடி கிழிந்த டாஷ்போர்டு எல்லாம் கணக்கில் வரும். செலவைப் பார்த்துச் சிலர் செய்கிற மோசடிக்கு அதே 2 ஓம் ரெசிஸ்டர்தான் கருவி. பை இல்லாத இடத்தில் அது உட்கார்ந்துகொண்டு, எல்லாம் நலம் என்று ஈசியூவிடம் பொய் சொல்லும். விளக்கு எரியாது.

பழைய கார் வாங்கும்போது பெல்ட்டை முழுக்க இழுத்து, அதன் அடிப்பகுதியில் தைத்திருக்கும் லேபிளில் தேதியைப் பாருங்கள். மற்ற பெல்ட்டுகளோடு பொருந்த வேண்டும். டாஷ்போர்டின் நிறமும் சொரசொரப்பும் பயணி பக்கம் மட்டும் மாறியிருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். இக்னிஷனைப் போட்டதும் ஏர்பேக் விளக்கு சில விநாடி எரிந்து தானாக அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் பல்பைப் பிடுங்கியிருக்கலாம். ஏபிஎஸ் விளக்கோ ஆயில் விளக்கோ அணையும் அதே கணத்தில் இதுவும் அணைந்தால், சாவியைத் திருப்பி இன்னும் இரண்டு தடவை போட்டுப் பாருங்கள். மூன்று முறையும் ஒன்றாகவே அணைந்தால் இரண்டையும் ஒரே வயரில் கட்டியிருக்க வாய்ப்பு உண்டு. மீட்டர்களும் விளக்குகளும் உள்ள கிளஸ்டரைக் கழற்றிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.